பெரிய வியாழன் பிரசங்கம் தயாரிக்கும் ஆயர்களுக்கும் போதகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆயர்களே, போதகர்களே, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே,

உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

திருவிருந்தின் யூதப் பின்னணியை நீங்கள் பெரிய வியாழன் ஆராதனையில் பேச ஆரம்பித்திருப்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம். இயேசு ஒரு யூதர், அவருடைய தாய் யூதப் பெண், அந்தப் பந்தியில் இருந்த பன்னிரண்டு பேரும் யூதர்கள் என்பதெல்லாம் காதில் விழாமலே நம் சபைகளில் பல தலைமுறைகள் ஓடிவிட்டன. அதை நீங்கள் மாற்றப் பார்க்கிறீர்கள், நல்ல காரியம். ஆனால் அதைச் செய்கிற விதத்தைப் பற்றி மனம்விட்டுச் சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரசங்கக் குறிப்புகள் தயாராகும் நேரம் இது என்பதால் இப்போதே, எல்லாருக்கும் தெரியும்படி எழுதுகிறேன்.

ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் தட்டு வைத்து, அதில் கசப்புக் கீரை, வேகவைத்த முட்டை, ஒரு எலும்புத் துண்டு, பக்கத்தில் மூன்று புளிப்பில்லா அப்பம், நான்கு கிண்ணம் திராட்சரசம் எல்லாம் அடுக்கி, "இயேசு அந்த இராத்திரியில் இப்படித்தான் பஸ்காவை ஆசரித்தார்" என்று விளக்குகிற பழக்கம் பரவிக்கொண்டிருக்கிறது. மூன்று அப்பமும் திரித்துவம், நடு அப்பத்தை உடைப்பது குமாரனுடைய மரணம், பாதியைத் துணியில் சுற்றி ஒளித்து வைப்பது அடக்கம், பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிப்பது உயிர்த்தெழுதல், நான்காவது கிண்ணத்தை அன்று குடிக்காமல் சிலுவையில் குடித்தார் என்று போகிறது விளக்கம். கேட்கும்போது மெய் சிலிர்க்கிறது, சபையாரும் ஆமென் சொல்கிறார்கள். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை இயேசு உட்கார்ந்த பந்தியில் இருந்தன என்பதற்கு ஆதாரம் இல்லை. நீங்கள் காட்டுவது, எகிப்திலிருந்து விடுதலையானதை நினைத்துப் பஸ்கா இரவில் யூதர்கள் நடத்தும், சேதர் என்று சொல்லும் வீட்டு வழிபாடு. கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை எரித்துப்போட்ட பிறகு, ஆட்டுக்குட்டியைப் பலியிட இடமே இல்லாமல் போன ஒரு ஜனம், அந்தப் பண்டிகையை விட்டுவிட மனமில்லாமல் நூற்றாண்டுக்கணக்கில் வளர்த்தெடுத்த வழிபாடு அது.

நான்கு கிண்ணத்தையே எடுத்துக்கொள்வோம். அதைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்று, யூத ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னா. அது கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்டது. பரம ஏழைக்கும் நான்கு கிண்ணத்துக்குக் குறையக் கூடாது என்று அது சொல்கிறது. இந்த வழக்கம் அதற்கு முன்பே கொஞ்சம் இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் "இருந்திருக்கலாம்" என்பதை அஸ்திவாரமாக வைத்துச் சிலுவையின் கடைசி நிமிடங்களுக்கு விளக்கம் கட்டுவது சரியில்லை. சேதரில் வாசிக்கும் ஹகதா முழு வடிவில் நமக்குக் கிடைப்பது 10ஆம் நூற்றாண்டு வாக்கில்தான். அப்பத்தை ஒளித்துவைத்துப் பிள்ளைகள் தேடுவது இடைக்காலத்தில் வந்தது, எலியாவுக்கென்று கிண்ணம் வைப்பது அதற்கும் பிந்தியது. அப்புறம் அந்த மூன்று அப்பம். வனாந்தரத்தில் ஓய்வுநாளுக்கு முந்தைய நாள் மன்னா இரண்டு மடங்கு கிடைத்ததை நினைத்து, ஓய்வுநாளுக்கும் பண்டிகைக்கும் பந்தியில் இரண்டு முழு அப்பம் இருக்க வேண்டும் என்பது யூத வழக்கம். பஸ்கா இரவில் உடைப்பதற்கென்று இன்னொன்று தேவை, ஆக மூன்று. ஒரு யூதக் குடும்பத்தில் அதை வைத்துத் திரித்துவம் சொன்னால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

அப்பத்தில் கோடு கோடாக இருக்கிறது, வரிசையாகத் துளை இருக்கிறது, "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்ற வசனம் இதில் தெரிகிறது என்கிறோம். அந்த நேர் வரிசை, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மாவைத் தேய்த்து வெட்டும் இயந்திரம் வந்த பிறகு வந்தது. பழங்காலத்துப் புளிப்பில்லா அப்பம் கையால் தட்டி, சூட்டில் சட்டென்று சுட்டெடுத்தது. ஏமன் நாட்டு யூதர்கள் இன்றும் சப்பாத்தி மாதிரி மெத்தென்றுதான் சுடுகிறார்கள். ஏசாயா 53ஐப் பிரசங்கிக்க நமக்குப் பெட்டியில் வரும் பிஸ்கட்டின் துணை தேவையா?

இதைச் சொல்லி உங்களை வெறுங்கையோடு அனுப்புவது என் எண்ணமில்லை. அந்த இரவைச் சுற்றி உண்மையாகவே இருந்த யூதக் காரியங்கள் எவ்வளவோ இருக்கின்றன, இந்த மேசையை வைத்ததால் அவை நம் கண்ணில் படாமலே போகின்றன என்பதுதான் என் வருத்தம்.

முதலில், ஆலயம். இயேசுவின் காலத்தில் பஸ்கா என்றால் அது எருசலேமில், ஆலயத்தில் ஆரம்பிக்கும் பண்டிகை. நிசான் மாதம் 14ஆம் தேதி பிற்பகலில் ஆடுகளை அறுப்பார்கள். ஏறக்குறைய மூன்று மணி முதல் ஐந்து மணி வரை என்கிறார் ஜொசிஃபஸ் என்ற அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர். ஒரு ஆட்டுக்குப் பத்துப் பேருக்குக் குறையாத ஒரு கூட்டம், சில சமயம் இருபது பேர்வரை சேர்ந்துகொள்வார்கள். ஒரு வருடம் எண்ணியபோது இரண்டரை லட்சத்துக்கும் மேல் ஆடுகள் இருந்தன என்று அவர் எழுதுகிறார். அந்த எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை, ஆனால் எப்பேர்ப்பட்ட கூட்டம் என்பது புரிகிறது. அந்தப் பிற்பகலைப் பற்றி மிஷ்னா சொல்வதை வாசித்தால் பிரகாரத்தில் நாமே நிற்கிற மாதிரி இருக்கும். (இதுவும் ஆலயம் அழிந்த பிறகு எழுதப்பட்டதுதான். ஆனால் ஆலயத்தில் நடந்ததை நினைவாகப் பதிவு செய்கிறது, பல இடங்களில் ஜொசிஃபஸோடு ஒத்துப்போகிறது.) ஜனங்கள் மூன்று பிரிவாக உள்ளே போவார்கள். பிரகாரம் நிரம்பியதும் வாசலைச் சாத்தி, எக்காளம் ஊதுவார்கள். ஆசாரியர்கள் வரிசை வரிசையாக நிற்பார்கள், ஒரு வரிசை முழுக்க வெள்ளிக் கிண்ணம், இன்னொரு வரிசை முழுக்கப் பொன் கிண்ணம். அந்தக் கிண்ணங்களுக்கு அடிப்பாகம் தட்டையாக இருக்காது, காரணம் யாராவது கீழே வைத்துவிட்டால் இரத்தம் உறைந்துபோகும். ஆட்டைக் கொண்டுவந்தவரே அறுப்பார், ஆசாரியர் இரத்தத்தைப் பிடித்து அடுத்தவரிடம் கொடுப்பார், கை மாறி மாறிப் போய், பலிபீடத்துக்கு அருகில் நிற்பவர் அதைப் பீடத்தின் அடியில் ஒரே வீச்சில் ஊற்றுவார், வெறுங்கிண்ணம் திரும்பி வரும். சுவரிலும் தூணிலும் ஆட்டைத் தொங்கவிட்டு உரிக்க இரும்புக் கொக்கிகள் இருக்கும். கொக்கி கிடைக்காதவர்கள் ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்குக் கோலை வைத்து அதில் மாட்டி உரிப்பார்கள். இவ்வளவும் நடக்கும்போது லேவியர்கள் 113ஆம் சங்கீதம் முதல் 118ஆம் சங்கீதம் வரை பாடிக்கொண்டே இருப்பார்கள், முடிந்தால் திரும்ப ஆரம்பிப்பார்கள். அதற்குப் பிறகு ஆட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், மாதுளை மரக் கோலில் குத்தி முழுசாகச் சுட்டு, இருட்டின பிறகு, நகரத்துக்குள்ளேயே சாப்பிட வேண்டும். பெத்தானியாவில் தங்கியிருந்த இயேசு இந்த ஒரு சாப்பாட்டுக்கு எருசலேமுக்குள் இடம் தேடச் சொன்னதன் காரணம் இங்கே தெளிவாகிறது.

"அவர்கள் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு, ஒலிவமலைக்குப் புறப்பட்டுப் போனார்கள்" என்று மாற்கு ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். அது பஸ்கா இராத்திரி என்றால் அந்தப் பாட்டு இதே சங்கீதங்களாகத்தான் இருக்க வேண்டும். "இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுவேன்" என்பது அதில் இருக்கிறது. "வீடுகட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்லே, மூலைக்குத் தலைக்கல்லாயிற்று" என்பதும் அதில்தான். கெத்செமனேக்குப் போகிற வழியில் அவர் உதட்டில் இருந்த வார்த்தைகள் என்று நம்ப நல்ல காரணம் உள்ள ஒன்று இருக்கிறது என்றால் இதுதான். பெரிய வியாழன் அன்று இந்த ஆறு சங்கீதங்களையும் எத்தனை சபைகளில் முழுசாக வாசிக்கிறோம்?

அந்த விருந்து பஸ்கா விருந்துதானா என்பதே தீராத கேள்வி என்பதையும் சபைக்குச் சொல்லுங்கள். மாற்கு, மத்தேயு, லூக்கா மூவரும் ஆம் என்கிறார்கள். யோவானில் மறுநாள் காலையில்கூட யூதத் தலைவர்கள் இனிமேல்தான் பஸ்காவைப் புசிக்க வேண்டியிருக்கிறது. ஆடுகள் அறுபடுகிற அந்த நாளிலேயே இயேசு மரிக்கிறார். இரண்டையும் ஒட்டவைக்க அறிஞர்கள் பல வழிகள் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள், ஒன்றும் எல்லாரையும் திருப்திப்படுத்தவில்லை. சபையார் சிறு பிள்ளைகள் இல்லை, இதைத் தாங்கிக்கொள்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இயேசு அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் பண்ணி, பிட்டுக் கொடுத்தார் என்று வாசிக்கிறோமே, அந்த ஸ்தோத்திரம் என்ன? பஸ்கா இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு யூதக் குடும்பத்திலும் சாப்பாட்டின்போது நடந்தது இது. மிஷ்னாவில் அந்த வார்த்தைகள் இருக்கின்றன: அப்பத்துக்கு, "பூமியிலிருந்து அப்பத்தை வெளிப்படுத்துகிறவர்" என்று கடவுளைத் துதிப்பது; திராட்சரசத்துக்கு, "திராட்சச்செடியின் கனியைப் படைக்கிறவர்" என்று துதிப்பது. துதி கடவுளுக்குப் போகிறது, அப்பத்துக்கு அல்ல. குடும்பத் தலைவர் அதைச் சொல்லி, அப்பத்தைப் பிட்டு எல்லாருக்கும் கொடுக்க, சாப்பாடு தொடங்கும். சாப்பிட்டு முடித்ததும் இன்னொரு நீண்ட ஜெபம், போஜனத்துக்காக, தேசத்துக்காக, எருசலேமுக்காக. சாப்பிட்டுத் திருப்தியானபின் கர்த்தரை ஸ்தோத்திரிக்க வேண்டும் என்ற உபாகமம் 8ஆம் அதிகாரக் கட்டளையிலிருந்து வளர்ந்தது அது. விருந்துகளில் அந்த ஜெபத்தை ஒரு கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். இப்போது கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதைத் திரும்பப் பாருங்கள். சுவிசேஷங்களுக்கெல்லாம் முன்பு, ஐம்பதுகளின் நடுவில் எழுதப்பட்டது. முதலில் அப்பம், அப்புறம் "போஜனம்பண்ணினபின்பு" பாத்திரம். அதற்கு முந்தைய அதிகாரத்தில் அவர் சொல்லும் "ஆசீர்வாதத்தின் பாத்திரம்" என்பதும் இந்தப் பந்தியிலிருந்து வந்ததுதான். நாம் ஐந்து நிமிடத்தில் வாங்கிவிட்டுத் திரும்பும் அப்பத்துக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் ஒரு முழுச் சாப்பாடு இருந்தது. பணக்காரர்கள் முந்திக்கொண்டு தின்றுவிட்டு, ஏழைகளைப் பசியோடு உட்காரவைத்த கோபத்தில்தான் பவுல் இதையே எழுதுகிறார். இந்தப் பின்னணியைச் சொல்லுங்கள், நம் சபைகளில் யார் முன்வரிசை, யார் பின்வரிசை என்ற பேச்சுவரை அது வந்து நிற்கும்.

முதல் கிறிஸ்தவர்கள் இந்த ஜெபங்களை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் காட்டும் ஒரு சிறு நூல் நம் கையில் இருக்கிறது. டிடாக்கே என்பார்கள், முதல் நூற்றாண்டின் கடைசி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம். பல நூற்றாண்டு தொலைந்து கிடந்து, 1873இல் கான்ஸ்டான்டினோபிளில் பிலோதேயோஸ் பிரியென்னியோஸ் என்ற கிரேக்கத் திருச்சபை அறிஞர் கண்டெடுத்தார். அதில் முதலில் பாத்திரம், பிறகு அப்பம்: "எங்கள் பிதாவே, உமது ஊழியனாகிய தாவீதின் பரிசுத்த திராட்சச்செடிக்காக உமக்கு நன்றி செலுத்துகிறோம்." அப்பத்துக்கு: "இந்த அப்பம் மலைகளின்மேல் சிதறிக் கிடந்து, பின் ஒன்றாகச் சேர்க்கப்பட்டதுபோல, உமது சபையும் பூமியின் எல்லைகளிலிருந்து உமது ராஜ்யத்துக்குள் சேர்க்கப்படுவதாக." சிதறிப்போன இஸ்ரவேலைக் கூட்டிச்சேர்க்க வேண்டும் என்று யூதர்கள் கேட்ட விண்ணப்பத்தின் வாசனை இதில் அப்படியே இருக்கிறது. திருப்தியானபின் சொல்லும் ஜெபமும் யூதர்களின் அந்த மூன்று துதிகளின் அச்சிலேயே போகிறது. திருச்சபையின் மிகப் பழைய திருவிருந்து ஜெபங்களில் ஒன்று யூதக் குடும்பத்துச் சாப்பாட்டு ஜெபத்தின் பிள்ளை. இதைவிட நேரடியான யூதப் பின்னணி வேறு எங்கே கிடைக்கும்?

இரத்தத்தைப் பற்றியும் கொஞ்சம். லேவியராகமம் 17 இரத்தத்தைப் புசிக்கவே கூடாது என்கிறது, அதில் உயிர் இருக்கிறது என்பதால். அந்தச் சட்டத்தில் வளர்ந்தவர்கள் கையில் பாத்திரத்தைக் கொடுத்து "இது என் இரத்தம்" என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்? யோவான் 6இல் பலர் "இது கடினமான உபதேசம்" என்று விலகிப்போனதை நாம் அவிசுவாசம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம், அவர்கள் தடுமாற்றத்துக்கு வேதத்திலேயே காரணம் இருந்தது. "உடன்படிக்கையின் இரத்தம்" என்பது மோசே சீனாயில் ஜனத்தின்மேல் தெளித்துச் சொன்னது. அதே யாத்திராகமம் 24இல் அதற்கடுத்து மூப்பர்கள் எழுபது பேரும் மலையில் ஏறி, தேவனைத் தரிசித்து, புசித்துக் குடித்தார்கள் என்று வருகிறது. இரத்தம், உடன்படிக்கை, தேவனுக்கு முன்பாக ஒரு சாப்பாடு, மூன்றும் ஒரே அதிகாரத்தில். இந்த இடத்திலிருந்து நம் ஆயர்கள் திருவிருந்தைப் பிரசங்கித்து நான் அதிகம் கேட்டதில்லை. லேவியராகமம் 7இல் வரும் ஸ்தோத்திரபலியும் அப்படியே: ஆபத்திலிருந்து தப்பித்தவர் அப்பங்களோடு பலி கொண்டுவந்து, அன்றைக்கே, மறுநாள் காலைவரை மீதி வைக்காமல் சாப்பிட வேண்டும். 116ஆம் சங்கீதத்தில் பாத்திரத்தை எடுப்பவர் அந்தப் பலியைச் செலுத்துகிறவர்தான். சாக்கடல் பக்கத்தில் கிடைத்த கும்ரான் என்ற பழைய யூதச் சுருள்களில், முடிவு காலத்தில் மேசியா உட்காரும் பந்தியில் யார் முதலில் அப்பத்தின்மேல் கை நீட்ட வேண்டும் என்றுகூட எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த நாட்டில் அப்பமும் ரசமும் வைத்து மேசியாவை எதிர்பார்த்தவர்கள் வேறு இடத்திலும் இருந்திருக்கிறார்கள்.

"இதெல்லாம் சரி, சேதர் காட்டினால் என்ன கெட்டுப்போகும், பிள்ளைகள் ஆர்வமாகக் கற்றுக்கொள்கிறார்களே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் பதில் கொஞ்சம் நீளம்.

திருவிருந்து அப்பத்தை வைத்தே நம் மதத்தார் யூதர்களைக் கொன்றிருக்கிறார்கள். 1290இல் பாரிஸில், ஒரு யூதர் நற்கருணை அப்பத்தை வாங்கிக் கத்தியால் குத்தினார் என்று ஒரு கதை கிளம்பியது, அவரைக் கொன்றார்கள். 1298இல் ஜெர்மனியில் ரோட்டிங்கன் என்ற ஊரில் இதே குற்றச்சாட்டு. ரிண்ட்ஃபிளைஷ் என்பவன் தலைமையில் ஒரு கும்பல் ஊர் ஊராகப் போனது, ஆயிரக்கணக்கான யூதர்கள் செத்தார்கள். இன்னொரு பொய், பஸ்கா அப்பத்துக்காக யூதர்கள் கிறிஸ்தவப் பிள்ளைகளின் இரத்தத்தை எடுக்கிறார்கள் என்பது. இரத்தத்தைப் புசிக்கவே கூடாது என்ற லேவியராகமத்தை ஆட்டு இறைச்சியில்கூட உப்புப் போட்டு இரத்தத்தை வடித்துக் கைக்கொள்கிற ஜனத்தின்மேல் சுமத்திய பொய்! 1903இல் கிஷினேவ் நகரத்தில் ஈஸ்டர் ஞாயிறன்று தொடங்கிய கலவரத்துக்குப் பின்னாலும் இதே வதந்தி இருந்தது, 49 பேர் கொல்லப்பட்டார்கள். போலந்தில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாவீது ஹலேவி செகால் என்ற ரபி, பஸ்கா இரவுக்குச் சிவப்பு ரசமே சிறந்தது என்றாலும், பொய்க் குற்றச்சாட்டுகளால் இப்போது நாம் அதைத் தவிர்க்கிறோம் என்று எழுதிவைத்தார். மேசையில் சிவப்பாக ஒரு கிண்ணம் இருந்தாலே உயிருக்கு ஆபத்து. சேதர் என்ற அந்த வழிபாடு, ஜன்னலுக்கு வெளியே நம் ஆட்கள் நிற்கிறார்களோ என்ற பயத்தோடு காப்பாற்றப்பட்டது. அதை எடுத்து, "இதன் அர்த்தம் யூதர்களுக்கே தெரியாது, நமக்குத்தான் தெரியும்" என்று மேடையில் சொல்வது எனக்கு வலிக்கிறது. உங்களுக்கும் வலிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நமக்கென்று ஒரு வீட்டு வழக்கம் வேண்டும் என்றால் பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். மார்த்தோமா மரபுக் கிறிஸ்தவ வீடுகளில் பெரிய வியாழன் இரவு புளிக்காத பெசகா அப்பமும், தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்த பெசகா பாலும் செய்து, குடும்பத் தலைவர் ஜெபித்து அப்பத்தைப் பிட்டு, வயதுப்படி ஒவ்வொருவருக்கும் கொடுக்கிறார். யாருடைய வழிபாட்டையும் மேடையேற்றாமல் அவர்கள் தங்கள் வீட்டிலேயே இதைச் செய்கிறார்கள்.

ஆகவே என் விண்ணப்பம் இவ்வளவுதான். இந்த வருடம் சேதர் மேசையை விட்டுவிடுங்கள். பதிலாக யாத்திராகமம் 24ஐ வாசித்து, அங்கிருந்து பிரசங்கம் பண்ணுங்கள். 113 முதல் 118 வரை சபையாகச் சேர்ந்து வாசிப்போம், நேரமானால் ஆகட்டும், அறிவிப்புகளைக் குறைத்துக்கொள்ளலாம். அப்பத்தைப் பிடுவதற்கு முன் டிடாக்கேயின் அந்த ஜெபத்தை ஒரு தடவை சொல்லுங்கள். முடிந்தால் ஆராதனைக்குப் பின் சபையார் எல்லாரும் சேர்ந்து தரையில் உட்கார்ந்து ஒரு சாப்பாடு சாப்பிடுவோம், பவுல் எதற்காகக் கோபப்பட்டார் என்பது பிள்ளைகளுக்கு அப்போது புரியும். மறுநாள் பெரிய வெள்ளியில் யோவானின் பாடுகளை வாசிக்கும்போது "யூதர்கள்" என்ற வார்த்தை திரும்பத் திரும்ப வரும். வாசிப்பதற்கு முன் ஒரு நிமிடம் எடுத்து, அது ஒரு முழு ஜனத்தின்மேல் சுமத்தும் பழி இல்லை என்று சொல்லிவிடுங்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1965இலேயே இதை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டது, நாமும் பீடத்திலிருந்து சத்தமாகச் சொல்லலாம். ஞாயிறு பள்ளிக்கு முட்டையும் எலும்பும் வாங்க ஒதுக்கிய பணம் இருந்தால், அந்தச் சாப்பாட்டுக்குப் போடுங்கள். சமைக்க ஆள் வேண்டும் என்றால் நானும் வருகிறேன்.

கர்த்தருக்குள்,
உங்கள் கையால் திருவிருந்து வாங்கும் ஒரு சபை அங்கத்தினர்